எந்த மோட்டார் வாங்கலாம்? முந்நூறு நாளுக்கும் ஐந்து நாளுக்கும் ஒரு கணக்கு

எஸ்பிஎம் முடிந்த வீடு, பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த வீடு, முதல் வேலை கிடைத்த வீடு ஆகிய மூன்றிலும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. எந்த மோட்டார் வாங்கலாம்? நம் நாட்டில் 16 வயது நிரம்பியவர் பி2 உரிமம் எடுத்து, 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளை ஓட்டலாம். அதனால் பலருக்கு இந்தக் கேள்வி பள்ளிச் சீருடையைக் கழற்றும் முன்பே வந்துவிடுகிறது. வீடு, கார் இவற்றுக்கெல்லாம் முன்னால் நம் இளையோர் பலர் தங்கள் பெயரில் எடுக்கும் முதல் பெரிய கடனும் இதுதான்.

இந்த ஆண்டு அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் பாரிட் புந்தாரில் குடியிருக்கிறோம். தம்பி பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கிறான். கடைசிப் பருவத்தின் தொழில்துறைப் பயிற்சிக்கு, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்திருக்கிறது. நான் ஏழு ஆண்டுகளாகக் கப்சாயில் பத்து காவானுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அதனால் அவன் என்னிடம்தான் யோசனை கேட்டான். கேட்கும்போதே அவன் கையில் ஒரு 250 சிசி ஸ்போர்ட்ஸ் மோட்டாரின் விளம்பரத் தாள் இருந்தது. "வேலைக்கும் ஆச்சு, லீவில் நண்பர்களோடு கேமரன் மலை, கிளந்தான் என்று சுற்றவும் ஆச்சுக்கா" என்பது அவன் வாதம். அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவரும் அவர்தான்.

நானும் தம்பியும் இரண்டு இரவு உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் வேறாக இருக்கலாம், எண்கள் மாறலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

முதலில் வழி, பிறகு வண்டி

மோட்டார் கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, ஆண்டில் எத்தனை நாள் எந்த வழியில் ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். தம்பியின் தாளில் இரண்டே வரிகள்தான் வந்தன. வேலைக்கும் வகுப்புக்கும் ஏறக்குறைய முந்நூறு நாள். சுற்றுலாவுக்கு மிஞ்சினால் ஐந்து நாள். அவன் கையிலிருந்த விளம்பரத் தாளோ அந்த ஐந்து நாளை மட்டுமே பேசியது.

பாரிட் புந்தார், கிரியான் மாவட்டத்தின் தலைநகரம். பேராக், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. கிரியான் ஆற்றைக் கடந்தால் கெடாவின் பண்டார் பாரு. இன்னும் சில கிலோமீட்டரில் பினாங்கின் நிபோங் திபால். அந்தப் பக்கத்தில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் இருக்கிறது. ஆக, ஊர் பேராக்கில் இருந்தாலும் எங்கள் படிப்பும் வேலையும் பெரும்பாலும் பினாங்குப் பக்கம்தான்.

ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாரிட் புந்தார் நிலையத்தில் கொமுட்டர் ரயிலும் இடிஎஸ் ரயிலும் நிற்கின்றன. பட்டர்வொர்த்தில் வேலை என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். ஆனால் பாயான் லெப்பாஸுக்குப் போக வேண்டியவர் பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடலைக் கடந்து, தீவில் மீண்டும் பேருந்து பிடிக்க வேண்டும். காலை 7 மணி ஷிப்ட்டுக்கு அது ஒத்துவராது. மோட்டாரில் போனால் பத்து காவான் வரை தரைவழி, அங்கிருந்து 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம். 2014 மார்ச் மாதம் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலின் மேல் ஓடுகிறது. 2019-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் கிடையாது. போக 50, வர 50 என்று நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். மாதத்துக்கு 22 நாள் என்றால் 2,200 கிலோமீட்டர்.

இந்த 2,200 என்ற எண்தான் எங்கள் கணக்கின் அடித்தளம். நிபோங் திபால் வளாகத்தில் படிக்கிறவருக்கு இதே எண் நானூறைக்கூடத் தொடாது. அவருக்கு ஏற்ற வண்டியும் வேறு.

கப்சாய் என்ற நல்ல யோசனை

நம் ஊரில் கப்சாய்க்கு ஒரு குறை உண்டு. அது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதனாலேயே இளையோர் அதை 'அப்பா வண்டி' என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் உலகில் இதைவிட அதிகமாக ஓடிய மோட்டார் வடிவம் வேறு இல்லை.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-இல் சூப்பர் கப் என்ற 50 சிசி வண்டியை வெளியிட்டது. நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவாவும் மனத்தில் வைத்திருந்தது பந்தய வீரரை அல்ல. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டும் நூடல்ஸ் கடைப் பையனுக்கும் அந்த வண்டி பயன்பட வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். அதனால்தான் அதில் கைக் கிளட்ச் இல்லை. கால் மிதியில் கியர் மாற்றும்போது கிளட்ச் தானாக விலகிச் சேரும். இருக்கைக்கு முன்னால் உடல் தாழ்ந்திருப்பதால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும் எனக்கு இதன் அருமை தெரியும். சக்கரங்கள் பெரியவை, மெல்லியவை. குழி விழுந்த தார்ச்சாலையிலும் செம்மண் பாதையிலும் சிறிய ஸ்கூட்டர் சக்கரத்தைவிட அவை நிதானமாக ஓடும். 2017-இல் இந்தச் சூப்பர் கப் வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. 'கப்' என்ற அந்தப் பெயரோடு, சிறியது என்ற பொருள்தரும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆனது என்று சொல்வார்கள்.

இந்தக் கதையில் எங்கள் பக்கத்து ஊருக்கும் ஓர் இடம் உண்டு. சீனாவிலிருந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, மெக்கானிக்காகத் தொழில் கற்று வளர்ந்தவர் லோ பூன் சியூ. ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை மலாயாவுக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியவர் அவர்தான். அவர் பெயரைத் தாங்கிய பூன் சியூ ஹோண்டா நிறுவனத்தின் தொழிற்சாலை இன்று பத்து காவானில் இருக்கிறது. கெடாவின் குரூணில் 1995-இல் மொடேனாஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டே கிரிஸ் என்ற கப்சாயை வெளியிட்டது. ஆக, பாரிட் புந்தாரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையிலேயே இரண்டு கப்சாய் ஊர்கள் இருக்கின்றன.

நம் மக்களின் வாழ்க்கையிலும் இந்த வண்டிக்குப் பங்கு உண்டு. தாத்தா காலத்தில் தோட்டத்து லயத்திலிருந்து பால்மரக் காட்டுக்கு நடை அல்லது சைக்கிள். தோட்டங்கள் கைமாறி, மக்கள் தாமான்களுக்கு வந்த பிறகு வேலை பத்து, இருபது மைலுக்கு அப்பால் போய்விட்டது. அந்தத் தூரத்தை அப்பா தலைமுறைக்குக் கடந்து கொடுத்தது ஒரு பழைய கப்சாய்தான். பாரிட் என்றால் மலாயில் வாய்க்கால். 1906-இல் முடிந்த கிரியான் பாசனத் திட்டத்தின் வாய்க்கால் கரைகளில், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதைகளில், நெல் மூட்டையும் சமையல் எரிவாயுக் கலனும் பள்ளிப் பிள்ளைகளும் இன்றும் கப்சாயில்தான் போகிறார்கள்.

மூன்று வண்டி, மூன்று தவணை

இனி பணக் கணக்கு. பயிற்சிக் காலத்தில் தம்பிக்குக் கிடைக்கும் படித்தொகை மாதம் 700 வெள்ளி. மூன்று வகை வண்டிகளை எடுத்துக்கொண்டோம். விலைகள் தோராயமானவை. 110 சிசி கப்சாய்க்கு 5,500 வெள்ளி, 150 சிசி கப்சாய்க்கு 9,000 வெள்ளி, 250 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு 22,000 வெள்ளி. மூன்றுக்கும் பத்து விழுக்காடு முன்பணம், ஐந்தாண்டுக் கடன், ஆண்டுக்கு 8 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 2 வெள்ளி.

110 சிசி: மாதத் தவணை 116 வெள்ளி. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 44 லிட்டர், 88 வெள்ளி. மொத்தம் 204 வெள்ளி.

150 சிசி: தவணை 189 வெள்ளி. லிட்டருக்கு 42 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலுக்கு 105 வெள்ளி. மொத்தம் 294 வெள்ளி.

250 சிசி: தவணை 462 வெள்ளி. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலுக்கு 147 வெள்ளி. மொத்தம் 609 வெள்ளி.

எழுநூறில் 609 போனால் மிச்சம் 91. அதில் மதியச் சாப்பாடு, கைப்பேசிக் கட்டணம், எண்ணெய் மாற்றுவது, டயர், செயின் எல்லாம் அடங்க வேண்டும். காப்புறுதியும் சாலை வரியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. 150 சிசி வரை சாலை வரி பெயரளவுக்குத்தான். அதைத் தாண்டினால் படிப்படியாக ஏறும். பெரிய வண்டியின் டயரும் பிரேக் பட்டையும் உதிரிப் பாகங்களும் விலையில் பெரியவையே.

தம்பியை இதைவிட யோசிக்க வைத்தது வேறொன்று. பயிற்சி ஒரே ஒரு பருவம். கடனோ அறுபது மாதம். பயிற்சி முடிந்து அவன் பட்டப்படிப்புக்குப் போகலாம், ஜோகூரில் வேலை கிடைத்துப் போகலாம். எங்கே போனாலும் தவணை பின்னாலேயே வரும். அவனால் கட்ட முடியாத மாதத்தில் ஜாமீன் போட்டவரைத்தான் தேடி வருவார்கள். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் எதற்கு என்று எங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதில் ஸ்போர்ட்ஸ் மோட்டாருக்கு இடமில்லை.

வட்டி விஷயத்திலும் கவனம் தேவை. 'எட்டு விழுக்காடு' என்று கேட்டதும் குறைவாகத் தோன்றும். ஆனால் நிலையான வட்டி என்றால், நீங்கள் பாதிக் கடனை அடைத்துவிட்ட பிறகும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. 8,100 வெள்ளிக் கடனுக்கு ஐந்தாண்டில் வட்டி மட்டும் 3,240 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் கடன் பாக்கியின்மீது கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 14 விழுக்காடு. கணிதப் பாடத்தில் வட்டி படிக்கும் மாணவர்கள் இதை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் கையெழுத்துப் போடும் முன், மாதத் தவணையைத் தவணை மாதங்களால் பெருக்கி, வாங்கிய கடனைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கட்டும் வட்டி.

நூறு சிசியா, நூற்றைம்பதா?

பணக் கணக்குப்படி 110 சிசிதான் மலிவு. பிறகு ஏன் அதையே எடுக்கவில்லை? இங்கேதான் வழி மீண்டும் வருகிறது.

நான் பத்து காவானுக்குப் போவது பழைய கூட்டரசுச் சாலையில். நிபோங் திபால், சுங்கை பக்காப், சிம்பாங் அம்பாட் என்று ஊர் ஊராகப் போகும் அந்தச் சாலையில் என் 110 சிசி வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலை வேறு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லாததால் பலரும் அதில் ஏறுகிறார்கள். அங்கே கார்கள் 110-இல் ஓடும். லாரிகள் 90-இல் ஓடும். சிறிய வண்டி தன் முழு வலுவையும் போட்டால்தான் லாரிகளோடு ஒட்டி ஓடும். ஒரு லாரியை விட்டு விலக வேண்டிய நேரத்தில் கொடுக்க அதனிடம் மிச்ச வலு இருக்காது. தினமும் இரண்டு முறை நெடுஞ்சாலையிலும் நீண்ட பாலத்திலும் ஓட வேண்டியவருக்கு 150 சிசி ஆடம்பரம் அல்ல. வேகமாகப் போவதற்காக அல்ல, எஞ்சினை வருத்தாமல் நிதானமாகப் போவதற்காகவே அந்த வலு.

கடல் பாலத்தில் பக்கக் காற்று உண்டு. கப்சாய் நூறு, நூற்றிருபது கிலோ எடைதான். காற்று அதைத் தள்ளும். அதற்குப் பதில் கனமான வண்டி அல்ல, பழக்கம். வேகத்தைக் குறையுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கால்களால் வண்டியை அணைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உயரமான பெட்டி கட்டினால் அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். மோட்டார் தடத்தைவிட்டு விலகாதீர்கள். புயல் காற்றோடு மழை வந்தால் கரையிலேயே நின்று, அது ஓய்ந்த பிறகு பாலத்தில் ஏறுங்கள். தாமதமாக வந்தால் மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான்.

ஸ்கூட்டர் பற்றியும் சிலர் கேட்பீர்கள். கியர் இல்லை, காலடியில் பை வைக்கலாம், இருக்கைக்குக் கீழே தலைக்கவசம் வைக்கலாம். நகருக்குள் ஓட்டவும் வளாகத்துக்குப் போகவும் மிக வசதி. மலைச்சாலை இறக்கத்தில்தான் வித்தியாசம் தெரியும். கப்சாயில் கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பெல்ட்டில் ஓடும் தானியங்கி ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு. பிரேக்கை மட்டுமே நம்பி நீண்ட இறக்கத்தில் இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு தளரும்.

எதில் பணம் போட வேண்டும்?

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவர்களில் பெரும் பகுதி இளையோர். என்னோடு ஐந்தாம் படிவத்தில் படித்த நண்பன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், மழை பெய்த ஓர் இரவில் வீடு திரும்பவில்லை. அவன் ஓட்டியது பெரிய வண்டியும் அல்ல, அவன் வேகமாகப் போகிறவனும் அல்ல. பின் டயர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. அதை மாற்றுவதற்கு எண்பது, நூறு வெள்ளி ஆகியிருக்கும். அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றலாம் என்று வைத்திருந்தான்.

ஆகவே வண்டி விலையில் மிச்சம் பிடிப்பதை இந்த நான்கில் போடுங்கள்.

முதலாவது டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்று இருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பழைய டயர் பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. அழகுக்காக மெல்லிய டயர் மாற்றும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. சாலையைத் தொடும் பரப்பைக் குறைத்துக்கொண்டு பிரேக்கை நம்புவதில் பொருளில்லை.

இரண்டாவது பிரேக். திடீரென அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காப்பது ஏபிஎஸ். 150 சிசியும் அதற்கு மேற்பட்டதுமான புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 ஜனவரி முதல் இது கட்டாயம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரே மாதிரியான வண்டி ஏபிஎஸ் உடனும் இல்லாமலும் கிடைத்தால், வண்ணத்துக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

மூன்றாவது தலைக்கவசம். சிரிம் முத்திரை உள்ளதை வாங்குங்கள். தலையில் போட்டு, வாரை மாட்டி, இரு கையாலும் அசைத்துப் பாருங்கள். கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். கவசம் மட்டும் சுழன்றால் அது உங்கள் அளவு அல்ல. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மறுமுறை காக்காது.

நான்காவது மழைச் சட்டையும் வெளிச்சமும். எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில், வேலை முடியும் நேரத்தில்தான் வரும். காற்றில் விசிறிப் பறக்கும் போர்வை மாதிரியான மழை அங்கி வேண்டாம். அது சக்கரத்திலோ செயினிலோ சிக்கும். மேல்சட்டை, கால்சட்டை என இரண்டு துண்டாக, ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையோடு வாங்குங்கள். அறுவடைக் காலத்தில் வயல் வண்டிகள் சாலையில் சேறு கொட்டிப் போகும். இரவில் வாய்க்கால் கரைகளில் தடுப்புக் கம்பியும் இருக்காது, விளக்கும் இருக்காது. கண்ணாடியைக் கழற்றுவதும் எக்ஸாஸ்ட்டை மாற்றுவதும் சம்மன் வாங்கித் தரும். விளக்கைத் துடைத்து வைப்பது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

சரி, அந்த ஐந்து நாள்?

தம்பியின் முகம் தொங்கியது இந்த இடத்தில்தான். கப்சாயில் எப்படிச் சுற்றுலா? எட் மார்ச் என்ற ஆங்கிலேயர் 90 சிசி ஹோண்டா கப்சாய் ஒன்றில் மலேசியாவிலிருந்து இங்கிலாந்து வரை ஓட்டிச் சென்றிருக்கிறார் என்று சொன்னேன். அவருடைய காணொளிகளைத் தேடி அன்றிரவு முழுக்கப் பார்த்தான். நமக்கு இங்கிலாந்து வேண்டாம். பாரிட் புந்தாரை மையமாக வைத்துச் சுற்றவே போதுமான வழிகள் இருக்கின்றன.

அரை நாள் என்றால் மேற்கே கோலா குராவ் மீன்பிடி ஊரும், பறவைகள் வந்து தங்கும் கோலா கூலா சதுப்புக் காடும். ஒரு நாள் என்றால் பாகான் செராய் வழியாகப் புக்கிட் மேரா ஏரி, அங்கிருந்து தைப்பிங் ஏரிப் பூங்கா. எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பதே அந்தப் புக்கிட் மேரா நீர்த்தேக்கம்தான் என்பதைப் பலர் நேரில் பார்க்கும்போதுதான் உணர்கிறார்கள். இரண்டு நாள் என்றால் கோலகங்சார் வழியாக ஈப்போ, மறுநாள் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. இன்னும் துணிவு வந்த பிறகு, 1982-இல் திறக்கப்பட்ட கிரிக்கிலிருந்து ஜெலி வரையிலான கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. அங்கே யானை கடக்கும் என்ற பலகை வெறும் அலங்காரம் அல்ல. ஆகவே பகலில் மட்டும் ஓட்டுங்கள். காட்டுச் சாலையில் பெட்ரோல் நிலையத்தை நம்ப முடியாது. பல கப்சாய்களின் தொட்டி நான்கு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். கிரிக்கிலேயே நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு வண்டியைவிட ஓட்டுபவரைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. எண்பது, நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி, தண்ணீர் குடித்து, காலை நீட்டுங்கள். சுமையை உயரமாக அடுக்காமல், தாழ்வாக, இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எண்ணெய் மாற்றி, செயினைச் சரிசெய்து, நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். கூட்டமாகப் போகும்போது வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் கடைசியாக வரும் புதியவர், முன்னால் போகும் கெட்டிக்காரர் அல்ல.

கடையில் கேட்க வேண்டியவை

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பதிவுப் பத்திரத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்மன் பாக்கி உண்டா, கடன் முடிந்துவிட்டதா என்று விசாரியுங்கள். பெயர் மாற்றம் முடியும் முன் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். 'சம்போங் பாயார்' என்று மற்றவர் கடனைத் தொடர்ந்து கட்டி வண்டியை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இறங்காதீர்கள். தவணை முழுக்க நீங்கள் கட்டினாலும் வண்டி உங்கள் பெயரில் இருக்காது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டி திருடு போனால் ஒரு காசும் தராது என்பதையும் தெரிந்துகொண்டு, நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிப் பாகம் உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே கிடைக்கும் வண்டியை எடுங்கள். ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தால் அந்த மூன்று வாரமும் வேலைக்குப் போக வழியிருக்காது.

எங்கள் வீட்டில் முடிவு இப்படி ஆனது. 150 சிசி கப்சாய், ஏபிஎஸ் உடன். பகுதிநேர வேலையில் தம்பி சேர்த்ததும் நான் கொடுத்ததும் சேர்த்து 3,000 வெள்ளி முன்பணம். மிச்சம் 6,000 வெள்ளியை ஐந்தாண்டுக்குப் பதில் மூன்றாண்டுக் கடனாக எடுத்தோம். தவணை 207 வெள்ளி, பெட்ரோல் 105 வெள்ளி. இரண்டும் சேர்த்தும் படித்தொகையில் பாதியைத் தொடவில்லை. வட்டி 3,240-லிருந்து 1,440 ஆனது. அதில் மிச்சமான 1,800 வெள்ளியில்தான் தலைக்கவசம், மழைச் சட்டை, கையுறை, பூட்டு, அடுத்த இரண்டு டயர் எல்லாமே அடங்கின. கணக்குத் தாளைப் பார்த்த அப்பா, கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் கூட்டலைச் சரிபார்த்தார். பிறகுதான் பேனாவைக் கேட்டார்.

மாணவர்களே, நீங்கள் எந்த மோட்டாரை வாங்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வழி எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வாரமே ஒரு தாளை எடுத்து அதை எழுதிவிட உங்களால் முடியும். எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு வருமானம், எத்தனை மாதம். முந்நூறு நாள் ஓடும் வழிக்கு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நாள் ஓடும் வழிக்கு உங்களைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தாளை முதலில் கடைக்காரரிடம் காட்டாதீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவரிடம் காட்டுங்கள்.